மரத்தை வெட்டாதே

வெள்ளைப்பாலம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அகத்தாவுக்குப் பதவி என்று எதுவும் கிடையாது. சம்பளமும் கிடையாது. பிள்ளைகள் அவளை டீச்சர் என்றார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் சும்மா டீச்சர் என்றார்கள். சும்மா வந்துவிட்டுப் போகிற டீச்சர் என்று அதற்குப் பொருள். அகத்தா அதில் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்வாள்.

வீடு செமிலிங்கில். கணவன் மோரிஸ் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். வட்டாரத்து டிக்கெட்டுகளையெல்லாம் முறைத்துப் பார்க்கிற மனிதனின் மனைவியிடம் டிக்கெட் கேட்கும் துணிச்சல் எந்தக் கண்டக்டருக்கும் வரவில்லை. அவளாகக் காசை நீட்டினாலும் "இருக்கட்டும்கா" என்று பின்பக்கம் போய்விடுவார்கள். ஆக, போவதும் சும்மா, போய்ச் செய்வதும் சும்மா. இப்படி ஒரு வியாபாரத்தைத் தன் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை என்று அவளுக்கே சிரிப்பு வரும். அவள் பினாங்குக்காரி. அப்பா அங்கே பொத்தான், ரிப்பன், ஊசி, நூல் விற்றவர். வாங்க வருகிறவர் காலில் கிடப்பது என்ன செருப்பு என்று பார்த்த பிறகே விலை சொல்கிற வீடு அது.

பள்ளிக்கு அவளைக் கூட்டி வந்தவர் தலைமையாசிரியர் பரஞ்சோதி. பீடோங் பாசாரில் அவள் ஒரு மீன்காரனோடு மூன்று மொழியில் மல்லுக்கட்டியதை, பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவர் கேட்டிருக்கிறார். மீன்காரன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அகத்தா போட்டு, தப்பையும் கண்டுபிடித்து, மீதியையும் வாங்கிவிட்டாள். அவள் ஐந்தாம் பாரம் தேறியவள் என்றும், ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு தடவை மனுப் போட்டு இரண்டு தடவையும் இடம் கிடைக்கவில்லை என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவள் வெளியே வந்தபோது மாதா கோவில் வாசலில் நின்றார். தன்னிடம் ஆறு வகுப்புக்கு மூன்றே வாத்தியார்கள்தான், முதலாம் வகுப்பை ஆறாம் வகுப்போடு சேர்த்துத் தானே பார்ப்பதாகப் பெயர், ஆறாம் வகுப்புக்குப் பரீட்சை இருப்பதால் சின்னதுகள் அனாதையாகக் கிடக்கின்றன என்றார். சம்பளம் தர வழியில்லை என்பதைக் கடைசியில் சொன்னார். நல்ல வியாபாரியும் அதைக் கடைசியில்தான் சொல்வான். அகத்தா அவர் முகத்துக்கு நேரே யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றாள். உள்ளே எப்போதோ சரி சொல்லியாகிவிட்டது. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் எழுந்து நின்று டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அதற்காகத்தான் இரண்டு தடவை மனுப் போட்டாள்.

இதெல்லாம் எழுபத்தெட்டாம் ஆண்டின் தொடக்கத்தில். ஜூன் மாதத்துக்குள் வேலை கைக்குப் பழகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி, முச்சந்திக் காப்பிக்கடைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் சடக்கில் மிதித்தால் பள்ளி. நீளமாக ஒரே மண்டபம், தகரக் கூரை, வகுப்புக்கு வகுப்பு பலகைத் தடுப்பு. நான்காம் வகுப்பின் வாய்ப்பாடு முதலாம் வகுப்பில் கேட்கும். முதலாம் வகுப்பின் அழுகை ஆறாம் வகுப்பில் கேட்கும்.

பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுந்தவர்கள். தாய் தகப்பன் விடியலில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கிளம்பும்போது எழுப்பிவிட்டால்தான் உண்டு. அதன் பிறகு எழுப்ப ஆள் கிடையாது. பள்ளி மணி அடிக்கும்போது அவர்களுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். ஆகவே முதல் பாடத்தில் மேசையில் தலை சாய்க்கிறவர்களை அகத்தா எழுப்புவதில்லை. அதற்குள் பென்சில்களைச் சீவுவாள். பொத்தான் இல்லாத சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். அது அவளுக்கு அப்பன் வழிச் சொத்து. காலணி மாறிப் போட்டவர்களுக்கு மாற்றிவிடுவாள். அதில் சிலருக்கு இரண்டுமே அண்ணன் காலணியாக இருக்கும், மாற்றியும் பயனில்லை. எல்லாரும் விழித்த பிறகு தட்டில் மணலைப் பரப்பி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து எழுத்தை இழுக்க வைப்பாள். எழுத்து விரலுக்குள் போய்விட்டால் பிறகு பென்சிலுக்கு வருவது சுலபம்.

இடைவேளையில் அந்த வகுப்பு ஒரு சின்னப் பாசார். கோலிக்குப் பென்சில் துண்டு, பென்சில் துண்டுக்குக் கித்தா மரத்து ஒட்டுப்பாலில் உருட்டிய பந்து, பந்துக்கு ஒரு கடி ரொட்டி. அகத்தா தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்று பார்ப்பாள். அழகேசன் என்றொருவன் இருந்தான். பால் வெட்டும் காளியம்மாவின் மகன். முன்பல் விழுந்தவன். காலையில் வெறுங்கையோடு வருவான், மத்தியானம் இரண்டு சட்டைப்பையும் புடைக்கப் போவான். அவனை மட்டும் அவள் ஒரு நாளும் கண்டித்ததில்லை.

ம எழுத்து வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அகத்தா கரும்பலகையில் பச்சைச் சாக்குக்கட்டியால் பெரிய மரம் ஒன்றை வரைந்து, பக்கத்தில் மூன்று வரி எழுதினாள்.

மரம் நிழல் தரும். மரம் கனி தரும். மரத்தை வெட்டாதே.

முதல் இரண்டு வரியையும் பிள்ளைகள் கூரை அதிரப் படித்தார்கள். மூன்றாவது வரியில் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழகேசன் எழுந்து நின்றான்.

"வெட்டவே கூடாதா டீச்சர்?"

"கூடாது."

"மழ பேஞ்சா மட்டும் கூடாதா, எப்பவுமே கூடாதா?"

பையன் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறான் என்று அகத்தாவுக்குப் பெருமையாக இருந்தது. எப்போதுமே கூடாது, வெட்டினால் மரத்துக்கு வலிக்கும் என்று விளக்கினாள். அப்படியானால் வெட்டுகிறவர்கள் செய்வது பாவமா என்று அடுத்து கேட்டான். ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறவளிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள். பாவந்தான் என்றாள்.

"வீட்ல போயி சொல்லவா டீச்சர்?"

"சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு."

வகுப்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு மூன்றாவது வரியையும் பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். மணி அடித்து லயத்துக்குப் போகும் வழியெல்லாம் படித்துக்கொண்டே போனார்கள். அகத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்று கேட்டாள். அதுவரை அவள் நடத்திய எந்தப் பாடமும் பள்ளி வாசலைத் தாண்டிப் போனதில்லை.

மறுநாள் அவள் வந்தபோது பள்ளி முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பின்சக்கரம் பாதி மண்ணில் அமுங்கியிருந்ததைப் பார்த்தாலே உரியவர் யார் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரிய கிராணி தர்மலிங்கம். தோட்டத்து மேனேஜரான துரைக்கு அடுத்தபடி, ஆபீஸ் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான அவர்தான்; துரையின் காதும் வாயும் அவர்தான். முதலாம் வகுப்புக்குள் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பரஞ்சோதி நின்றுகொண்டிருந்தார். வாசலில் காளியம்மா, கையில் பால் வெட்டும் கத்தியோடு. பிள்ளைகள் கப்சிப் என்று இருந்தார்கள். அழகேசன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தான்.

நடந்தது இதுதான். காளியம்மா விடிவதற்கு முன்பு கத்தியைத் தேடியிருக்கிறாள். காணவில்லை. புருஷன் தேடினான், பக்கத்து வீட்டார் தேடினார்கள். கடைசியில் அரிசி டின்னின் அடியில் கிடைத்தது. அதற்குள் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்து, அவளுடைய மரங்களை, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் இருளப்பன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. இன்னொரு வீட்டில் ஒரு சிறுமி அப்பாவின் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுக்குள் புகுந்துவிட்டாள். இதற்கு மேல், துரையின் ஜீப் சடக்கில் வரும்போது பள்ளிக்குக் கிளம்பிய கூட்டம் ஒன்று கையைத் தூக்கித் தூக்கி மரத்தை வெட்டாதே என்று கத்தியிருக்கிறது. திகாம் பத்து என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆட்கள் கூலி கேட்டு வேலையை மெதுவாக்கிய சமயம் அது. கையைத் தூக்கிக் கத்துகிறவர்கள் முழங்கால் உயரமே இருந்தாலும் துரைமார்களுக்கு அது வேலைநிறுத்தமாகத்தான் தெரியும். என்ன கத்துகிறார்கள் என்று துரை கேட்டார். தர்மலிங்கம் இங்கிலீஷில் சொன்னார்.

"மிசிஸ் மோரிஸ், நேரா கேக்குறேன், நேரா சொல்லுங்க," என்று ஆரம்பித்தார் தர்மலிங்கம். "நேத்து கிளாஸ்ல மரம் வெட்டக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"வெட்டுறது பாவம்னு?"

"ஆமா. அவனா கேட்டான். நல்ல கேள்விதானே?"

"வீட்ல போயி அப்பா அம்மாகிட்ட சொல்லச் சொன்னீங்க."

"எல்லார்கிட்டயும்தான் சொல்லச் சொன்னேன். நீங்களும் வீட்ல சொன்னா நல்லது."

தர்மலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். அடிக்காமல் மிரட்டாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்த போலீஸ்காரரின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "யாரு ஒங்கள இங்க அனுப்புனது?"

"பரஞ்சோதி சார்தான்," என்றாள் அகத்தா.

பரஞ்சோதிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அந்த இடத்தில் பாதி நின்று இருமலாக மாறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அகத்தாம்மா, இங்க மரம் வெட்டுறதுன்னா பால் வெட்டுறது," என்றார். "காலைல கத்திய எடுத்துக்கிட்டுப் போறாங்கல்ல, அதுதான். நீங்க சொல்ற வெட்டுக்கு இங்க சாய்க்கிறதுன்னு பேரு."

அகத்தா கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரி அழகான எழுத்தில் அப்படியே இருந்தது. மழை நாளில் பால் வெட்டு கிடையாது; அழகேசன் மழையைப் பற்றிக் கேட்டது இப்போதுதான் விளங்கியது. பால் வெட்டிப் பிழைக்கிற ஒரு தோட்டம் முழுக்க, பால் வெட்டுவது பாவம் என்று முதலாம் வகுப்பை வீடு வீடாக அனுப்பியிருக்கிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தலைமையாசிரியரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் காதில் அது பாடப்புத்தகமாக விழுந்திருக்கிறது. பள்ளி விட்டதும் சுங்கை பட்டாணி டவுனுக்கு வீடு திரும்புகிற வாத்தியாரின் காது அது.

இதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் தர்மலிங்கம் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பால் வெட்டக்கூடாது என்று கத்துவதாக அவர் துரையிடம் சொல்லியாகிவிட்டது. இங்கிலீஷில் பால் வெட்டுவதற்கு ஒரு சொல், மரம் சாய்ப்பதற்கு இன்னொரு சொல். இரண்டும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. சொல் மாறிப்போச்சு துரை என்று போய் நின்றால், தமிழ் தெரிந்த கிராணி என்று இவரை எதற்கு வைத்திருக்கிறோம் என்று துரை கேட்பார். துரையின் உத்தரவு தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடம் தோட்டத்து நிலத்தில் இருக்கிறது. வெளியாள் இனி உள்ளே வரக்கூடாது. ரவுண்டு முடித்து இடைவேளைக்குத் தானே வந்து பார்ப்பார். அப்போது அந்தப் பெண்பிள்ளை இங்கே இருக்கக்கூடாது.

அகத்தாவுக்கு இந்த வகுப்பை விட மனமில்லை. ஆனால் சரக்குக் கைவிட்டுப் போகிறது என்று முகம் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் பேரம் கிடையாது என்பது அவளுக்கு அப்பாவின் பொத்தான் கடையிலேயே தெரிந்திருந்தது. சைக்கிள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். போகிறவள் செய்கிற காரியம் அல்ல அது.

"எனக்கு அந்த வெட்டும் தெரியாது, இந்த வெட்டும் தெரியாது," என்றாள் காளியம்மா வாசலிலிருந்து. "இன்னிக்கு என் பேரு போச்சு, ஒரு நாள் கூலி போச்சு. போன வாரந்தான் காயம்னு சொல்லி மண்டோரு ஊரே கேக்க ஏசுனாரு. இன்னிக்கு இது. நாளைக்கு ஒங்க பாடத்துல எது வரும் டீச்சரம்மா?"

அகத்தா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். காளியம்மா அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

"காயமா? யாருக்குக்கா காயம்?" என்று கேட்டாள் அகத்தா.

"மரத்துக்கு," என்றார் தர்மலிங்கம். தெரியாதவருக்கு விளக்குவது என்றால் அவருக்குக் கோபத்திலும் கொஞ்சம் இனிக்கும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், உள்ளே கட்டையில் பட்டுவிட்டால் காயம், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் பிறகு வெட்டுக்கு உதவாது என்றார். துரை பெரட்டுக்களத்துக்கு வந்தால் பேசுகிற பேச்சே அதுதானாம். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த சீனர் அவர். தமிழில் அவர் படித்த முதல் சொல்லே காயம்தானாம்.

 அகத்தா ஈரத்துணியை எடுத்து மூன்றாவது வரியை மட்டும் துடைத்தாள். அந்த இடத்தில் எழுதினாள்.

மரத்துக்குக் காயம் போடாதே.

"படிச்சுப் பாருங்க கிராணி ஐயா," என்று சாக்குக்கட்டியை வைத்துவிட்டு, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். துணியை விரித்துக் காட்டிய பிறகு கடைக்காரன் பேசக்கூடாது.

தர்மலிங்கம் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"நேத்து பாடம் பாதியில நின்னுபோச்சு," என்றாள் அகத்தா, அவர் கண் பலகையை விட்டு இறங்கிய பிறகு. "பிள்ளைங்க பாதியக் கேட்டுட்டு ஓடிருச்சிங்க. காலைல நீங்க வந்து பாத்தீங்க, சரியா முடிக்கச் சொன்னீங்க. முடிச்சாச்சு."

"நான் சொன்னனா?"

"நீங்கதான். காயம்னா என்னன்னே எனக்கு இப்பத்தான தெரியும். யாரு சொல்லித் தெரிஞ்சுது?"

அதில் பொய் இல்லை என்பதுதான் தர்மலிங்கத்தை யோசிக்க வைத்தது. காலையில் கேட்டு வந்து சொன்ன கிராணியைவிட, கேட்டுப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்த கிராணி துரை கண்ணுக்குப் பெரிய ஆளாகத் தெரிவார். ஆனால் சொன்ன விலைக்கே வாங்கிவிட அவரும் நேற்றுப் பிறந்தவர் அல்ல. இனிமேல் பலகையில் எழுதுவது எதுவானாலும் முன்கூட்டித் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். ஆபீஸ் வேலையோடு தினமும் அ, ஆ பார்க்க உங்களுக்கு நேரம் ஏது என்று அகத்தா அனுதாபப்பட்டாள். வாரம் ஒரு முறை என்று இறங்கினார். சந்தேகம் வந்தால் கேட்கிறேன் என்று அவள் முடித்தாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்க," என்றாள் காளியம்மா. "தொரை எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

இருவரும் திரும்பினார்கள். கத்தியை ஒளித்தவன் அவள் மகன். வேலை இழந்தவள் அவள். அவள் வாயைத் திறந்து நடந்ததை நடந்தபடி சொன்னால் பலகையில் என்ன எழுதியிருந்தும் பயனில்லை. இது அவளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"என்னா வேணும் ஒனக்கு?" என்றார் தர்மலிங்கம்.

"பேரு."

"மரத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சு லா. இப்ப போயி பிடுங்க முடியுமா?"

"மரம் இல்லாட்டி புல்லு. பள்ளிக்கூடத்தச் சுத்தி லாலான் இடுப்பு ஒசரம் நிக்குது. வெட்டுறேன், பேரப் போடுங்க."

"அரை நாள்."

"முழு நாள்."

தர்மலிங்கம் எழுந்திருக்கப் பார்த்தார். அகத்தா ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தாள். துரை ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் எதைப் பார்ப்பார், புல் வெட்ட ஆள் போடுவது பள்ளியின் பொறுப்பா ஆபீஸின் பொறுப்பா என்று பரஞ்சோதியிடம் சாதாரணமாகக் கேட்டாள். பரஞ்சோதி அதற்கு மேல் சாதாரணமாக, ஆபீஸ்தான் என்றார். தர்மலிங்கம் முழு நாள் பேர் போட ஒப்புக்கொண்டார். காளியம்மா பால் கத்தியை வைத்துவிட்டுப் புல் வெட்ட அரிவாள் எடுக்கப் போனாள். முதலாம் வகுப்பு வாயைத் திறந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அழகேசன் எப்போதோ மேசைக்கு மேலே வந்துவிட்டான்.

மீதியிருந்த நேரம் அகத்தாவுக்குப் போதவில்லை. ஒரு பாடத்தை ஏற்றுவதைவிட இறக்குவது கஷ்டம். நேற்று டீச்சரே வெட்டக்கூடாது என்றாரே என்று வகுப்பு அடம்பிடித்தது. அப்படியானால் பாவம் இல்லையா என்று கேட்டார்கள். நேற்றுச் சொன்னது கோடாலியால் சாய்க்கிற வெட்டு, அம்மா வெட்டுவது வேறு வெட்டு, அது நல்ல வெட்டு என்று நாலைந்து முறை சொல்லி, புது வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தாள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் ஒவ்வொரு முறையும் பழைய வரியையே சொன்னான். அவனைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கைகழுவ அனுப்பினாள். நிதானமாகக் கழுவச் சொன்னாள்.

துரை வந்தார். வெளியே சாய்ந்துகொண்டிருந்த லாலானைப் பார்த்தார். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். தர்மலிங்கம் பலகையைக் காட்டி, தான் காலையிலேயே விசாரித்துவிட்டதாகவும், பாடம் முழுமையாக இதுதான் என்றும் இங்கிலீஷில் சொன்னார். அகத்தா ஒரு முறை கைகாட்ட, பிள்ளைகள் படித்தார்கள். மூன்றாவது வரியில் காயம் என்ற சொல் வந்ததும் துரை சடக்கென்று திரும்பினார். தினமும் தான் கத்துகிற சொல்லை இத்தனை பேர் தனக்குத் திருப்பிக் கத்துவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் அவரும் ஆளை அளக்கத் தெரிந்தவர். கூட்டமாகச் சொல்வதை நம்பாமல், ஒருவனைத் தனியாக எழுப்பினார். அத்தனை பேரில் அழகேசனை. உன் அம்மா மரம் வெட்டுவது நல்லதா கெட்டதா என்று மலாயில் கேட்டார். தர்மலிங்கம் அதைத் தமிழாக்கினார். 

அழகேசன் அகத்தாவைப் பார்த்தான். ஜன்னல் வழியே அம்மாவைப் பார்த்தான். பிறகு துரையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், ஒரு கோலிக்கு என்ன கேட்கலாம் என்று பார்ப்பதுபோல.

"எங்கம்மா வெட்டலாம்," என்றான். "தொரை வெட்டக்கூடாது."

"ஏன்டா?" என்றார் தர்மலிங்கம் மெல்லிய குரலில்.

"தொரைக்கு வெட்டத் தெரியாது. காயம் போட்டுருவாரு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பரஞ்சோதி மறுபடியும் இருமினார். பையன் என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார்.  பிள்ளைகளும், மணல் தட்டும், எழுந்து நின்று டீச்சர் என்கிற அந்தச் சத்தமும் தர்மலிங்கத்தின் நாக்கு நுனியில் இருந்தன. காலையில் அவருடைய ஒரு சொல்லில்தான் எல்லாம் போனது. அவள் அவரையே பார்த்தாள். தராசுத் தட்டின் பக்கம் போகிற கையைப் பார்க்கிற பார்வை அது.

தர்மலிங்கம் துரை பக்கம் திரும்பினார். மரம் வெட்டுவது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, தெரியாதவர்கள் கைவைத்தால் காயம்படும் என்று பையன் சொல்கிறான் சார் என்று இங்கிலீஷில் சொன்னார். அகத்தா பினாங்கில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தாள். எடை குறையவில்லை. வழியில் துரை என்ற சொல்லை மட்டும் இறக்கிவிட்டிருந்தார்.

துரை தலையாட்டினார். பையன் இருளப்பனைவிட நன்றாகச் சொல்கிறான் என்றார். பிறகு அகத்தா பக்கம் கையைக் காட்டி, இவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று தர்மலிங்கத்திடம் கேட்டார். யாரும் இல்லை என்றதும் அவர் முகத்தில் சந்தேகம் வந்தது. சும்மா எதற்காக ஒருத்தி தினமும் இவ்வளவு தூரம் வர வேண்டும் என்றார்.

 அகத்தாவே இங்கிலீஷில் பதில் சொன்னாள். ஜனவரியில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, இப்போது படிக்கிறார்கள், வேண்டுமானால் பலகையில் இல்லாத ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள் என்றாள்.  

துரை சாக்குக்கட்டியைத் தர்மலிங்கத்திடம் நீட்டினார். தர்மலிங்கம் யோசித்துவிட்டு, கித்தா என்று எழுதினார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளியைத் துரை கைகாட்டினார். நேற்று வாயைப் பொத்திச் சிரித்தவள் இவள்தான். அவள் எழுந்து போய், எட்டிய அளவுக்கு விரலை வைத்து, முதல் எழுத்தை முனகினாள். இரண்டாவதில் நின்றாள். மணலில் எழுதுவதுபோல் பலகையிலேயே விரலால் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு மூன்றையும் சேர்த்து, "கித்தா," என்றாள்.

அந்தச் சொல் துரைக்கும் புரிந்தது. சிரித்துவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, அந்த அம்மா வரட்டும் என்றார். ஜீப்பில் ஏறும்போது ஒன்று சேர்த்துக்கொண்டார். இனி என்ன பாடம் நடத்துகிறார்கள் என்பதைத் தர்மலிங்கம் தினமும் முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். காலையில் அகத்தா பேசிப் பேசிக் குறைத்ததைத் துரை ஒரு பைசா வாங்காமல் கிராணி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தர்மலிங்கம் வகுப்புக்குள் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காராமல் பலகை முன்னால் கைகட்டி நின்றார்.

"நாளைக்கு என்னா எழுத்து, மிசிஸ் மோரிஸ்?"

"ய."

"என்னா சொல்லு?"

"யானை."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். தோட்டம், ஸ்டோர், ஆபீஸ், லயம் எல்லா இடத்திலும் மனதுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தார் என்று தெரிந்தது. "யானைக்கு இங்க வேற அர்த்தம் ஒண்ணும் கிடையாது," என்றார் கடைசியில். "எழுதுங்க." மோட்டார் சைக்கிள் இரண்டு உதையில் கிளம்பி, பின்சக்கரத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

அகத்தா ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காளியம்மா நிமிர்ந்து குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நாளைக்கு யானை நடத்தலாம் என்று இருக்கிறேன், இங்கே அதற்கு ஏதாவது உண்டா என்று அகத்தா கேட்டாள்.

காளியம்மா மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்கிற பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "யானை நல்லா நடத்துங்க டீச்சரம்மா," என்றாள். "பிள்ளைங்க கூடிக் கத்தணும். லயத்துல அவருக்கு அதான பேரு."

மறுநாள் அகத்தா பலகையில் யாழ் என்று எழுதி, பக்கத்தில் அதன் படத்தையும் போட்டாள். தோட்டத்தில் யாரும் யாழைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு புகாரும் வரவில்லை.